மூன்று கடைகளுக்கும் ஒரே அட்டவணை

ஜூலை 21, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும் வழியில் அப்பா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். இவ்வளவு பெரிய வேலையை இதுவரை யாரும் என்னை நம்பிக் கொடுத்ததில்லை. அதனால் இந்த நோட்டைத் தொடங்குகிறேன்.

எங்களுக்கு மூன்று மருந்துக்கடைகள். மூன்றிலும் போர்டில் என் பெயர்தான்: பியூலா மருந்தகம். பஸ் ஸ்டாண்ட் கடையில் அப்பா. ஆஸ்பத்திரி ரோட்டுக் கடையில் அப்பாவின் தங்கை ரூபி அத்தை. மருந்தாளுநர் படிப்பு முடித்தவர். சந்தைக் கடையை மாரியப்பன் அண்ணன் பார்த்துக்கொள்கிறார். அம்மா குவைத்தில் நர்ஸாக இருப்பதால் வீட்டில் அப்பாவும் நானும்தான். அத்தை வீடு அடுத்த தெருவில்.

சென்ற புதன்கிழமை ஒருவர் தன் அம்மாவுக்கு இன்சுலின் கேட்டு பஸ் ஸ்டாண்ட் கடைக்கு வந்திருக்கிறார். அப்பா அவரை ஆஸ்பத்திரி ரோட்டுக்கு அனுப்பினார். அத்தை சந்தைக்கு அனுப்பினார். மாரியப்பன் அண்ணன் திரும்பவும் பஸ் ஸ்டாண்டுக்கே அனுப்பினார். கடைசியில் மருந்து அப்பாவின் ஃபிரிட்ஜிலேயே, தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் இருந்தது. “ஊரச் சுத்திக் காட்டுனதுக்கு ரொம்ப நன்றி அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அப்பாவுக்கு அவமானமாகிவிட்டது. “எந்தக் கடையில என்ன இருக்குன்னு ஒரே எடத்துல தெரியணும். நீ கம்ப்யூட்டர் குரூப்புல்லா படிக்க, செய்ய முடியுமாட்டி?” என்று கேட்டார்.

முடியும் என்றேன். இட்லி மாவு ஆட்டும்போது கூட அதையே நினைத்துக்கொண்டிருந்ததில் உப்பு போட மறந்துவிட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

கணினி ஆசிரியை ஜெஸிந்தா மிஸ்ஸிடம் சொன்னேன். ஆகஸ்ட் 14 கண்காட்சிக்கே இதை வைக்கலாம் என்றார். பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில் எழுதி, கடைக்காரர்கள் போனிலேயே திறந்து பார்க்கிற மாதிரி இணையத்தில் ஏற்ற அவர் உதவுவார்.

பாடப்புத்தகத்தில் இருக்கிற ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு தகவல் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் இருந்தால் என்றைக்காவது ஒன்று பொய்யாகும். அப்படியே வடிவமைத்திருக்கிறேன். மூன்று அட்டவணைகள். முதலாவதில் கடைகள்: மூன்றே வரி. இரண்டாவதில் மருந்துகள்: ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மூன்றாவது இருப்பு. அதில் ஒரு வரி என்றால், எந்தக் கடை, எந்த மருந்து, எத்தனை. அவ்வளவுதான். ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு மருந்து போனால் இங்கே குறையும், அங்கே கூடும்.

நோட்டில் பென்சிலால் வரைந்து பார்த்தேன். எவ்வளவு அழகாக இருக்கிறது!

ஜூலை 28, ஞாயிறு

ஆஸ்பத்திரி ரோட்டுக் கடையில் நானும் அத்தையும் இருப்பு எண்ணினோம். தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது.

அத்தையின் வழக்கம் ஒன்றை இன்றுதான் கவனித்தேன். வேறு கடைக்கு மருந்து அனுப்பும்போது அந்த மருந்து வந்த பெட்டியின் மடிப்பு ஒன்றைக் கிழித்து, உள்பக்கத்து வெள்ளையில் “சந்தை, 6” என்று தேதியோடு எழுதுகிறார். அதை மேசையில் நிற்கிற கம்பியில் குத்திவிடுகிறார். அவர் சொல்லித்தான் மற்ற இரண்டு கடைகளிலும் இதே வழக்கம் வந்ததாம். ஒவ்வொரு கம்பியிலும் ஒரு முழம் உயரத்துக்கு அட்டை. யாராவது தேட வேண்டும் என்றால் முழுவதையும் உருவ வேண்டும்.

என் அட்டவணையை லேப்டாப்பில் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லாருக்குளா. பேட்ச் நம்பர எங்க போடணும்?”

ஒரே மருந்தைக் கம்பெனியில் ஒவ்வொரு தடவை தயாரிக்கும்போதும் அந்தத் தொகுதிக்கு ஓர் எண் கொடுப்பார்கள். அதுதான் பேட்ச். ஒரே அலமாரியில் ஒரே மருந்து மூன்று பேட்சில் இருக்கும். அதைச் சேர்த்தால் ஒரு மருந்துக்கு ஒரு வரி என்பது மூன்று நான்கு வரியாகிவிடும். எண்ணியதையெல்லாம் திரும்ப எண்ண வேண்டும். கண்காட்சிக்குப் பதினேழு நாள்தான் இருக்கிறது.

“அதுக்கு எடமில்ல அத்தை. சாஃப்ட்வேர் எடுத்துக்காது” என்றேன்.

“அப்படியா? சரி, அதுக்குத்தான் அட்டை இருக்கே” என்றார்.

எண்ணிக்கை எழுதுகிற அட்டைக்கும் பேட்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் ஆள் வந்துவிட்டார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

சந்தை நாள். மாரியப்பன் அண்ணன் கடையில் எண்ணவே முடியவில்லை, அவ்வளவு கூட்டம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து காய் விற்க வருகிறவர்கள் எல்லாரும் திரும்பும்போது மருந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். சீட்டும் இல்லை, பெயரும் இல்லை. “காச்சலுக்கு ஒண்ணு குடுங்கய்யா.” அண்ணன் குழந்தையின் வயதைக் கேட்டு எடுத்துக் கொடுக்கிறார்.

அந்தக் கடைச் சுவரில் சட்டம் போட்ட மருந்தாளுநர் சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. அதில் இருக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. யார் என்று கேட்டேன். “அவுக வெளியூர்ல இருக்காக பாப்பா. நீ எண்ணு” என்றார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

1,140 மருந்துகள். எல்லாம் ஏற்றியாகிவிட்டது! விரல்கள் வலிக்கின்றன.

ஆகஸ்ட் 14, புதன்

மாவட்டக் கண்காட்சியில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு, தானாகத் தண்ணீர் விடுகிற தொட்டிக்கு. நடுவர்களில் ஒரு மேடம், “காலாவதித் தேதி எங்கம்மா வருது?” என்று கேட்டார். “அடுத்த கட்டத்தில் சேர்க்கிறோம் மேடம்” என்றேன். ஜெஸிந்தா மிஸ் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார்.

அப்பா சான்றிதழை லேமினேட் செய்து பஸ் ஸ்டாண்ட் கடையில் மாட்டிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம்தான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்று முதல் மூன்று கடைகளும் ஒரே அட்டவணையில் ஓடுகின்றன.

அட்டை எழுதுவதை நிறுத்திவிடலாம் என்று நான்தான் அப்பாவிடம் சொன்னேன். ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. அப்பா உடனே ஒத்துக்கொண்டார். மூன்று கம்பிகளிலிருந்தும் அட்டைகளை உருவி ஒரு சாக்கில் கட்டினேன். மத்தியானம் தெருவில் வந்த பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

அத்தையின் கடைக்கு நான் போனபோது அவர் குழந்தைகள் வார்டுக்கு மருந்து கொடுக்கப் போயிருந்தார். திரும்பி வந்து வெறும் கம்பியைப் பார்த்துவிட்டு, “யாரு எடுத்தா?” என்று கேட்டார். சொன்னேன்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு அத்தை.”

அவர் கம்பியை மேசைக்கு அடியில் வைத்துவிட்டார். சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. பழைய வழக்கத்தை விட எல்லாருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்சுலின் கேட்டு வந்த அதே ஆள் இன்று மறுபடி வந்தார். அப்பா போனைப் பார்த்து, “சந்தைக் கடையில நாலு இருக்கு, ரெண்டு எடுத்து வைக்கச் சொல்லுதேன்” என்றார். “இன்னைக்கு ஊர் சுத்திக் காட்ட மாட்டியளா?” என்று அவர் கேட்டாராம். அப்பா வீட்டுக்கு வந்து இதை மூன்று தடவை சொல்லிச் சிரித்தார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

வியாழக்கிழமை காலாண்டுத் தேர்வு தொடங்குகிறது. ஆராதனைக்குப் பிறகு அத்தை மறுபடி பேட்ச் பற்றிக் கேட்டார். “பரீட்சை முடியட்டும் அத்தை” என்றேன். அவர் வாங்கிக் கொடுத்த முறுக்கு நமுத்துப் போயிருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

காலையில் மருந்து வணிகர் சங்கத்திலிருந்து எல்லாக் கடைகளுக்கும் செய்தி வந்தது. குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப் ஒன்றில் குறிப்பிட்ட ஒரு பேட்ச், எண் 4417. அதில் கலக்கக் கூடாத ஏதோ கலந்திருக்கிறது. குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோகிறது. வேறு மாவட்டத்தில் இரண்டு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். உடனே விற்பனையை நிறுத்தி, விற்றதைத் திரும்பப் பெற வேண்டும்.

மொத்த வியாபாரியின் பில்லில் பேட்ச் எண் இருக்கும். அப்பா தேடி எடுத்தார். ஆகஸ்ட் 6-ஆம் தேதி, 4417, அறுபது பாட்டில், பஸ் ஸ்டாண்ட் கடைக்கு.

மூன்று கடைகளின் அலமாரிகளையும் பார்த்தோம். அந்த எண் போட்ட பாட்டில் பஸ் ஸ்டாண்டில் பதினான்கு, ஆஸ்பத்திரி ரோட்டில் ஒன்பது, சந்தையில் ஒன்றுமில்லை. முப்பத்தேழு பாட்டில்கள் வெளியே போய்விட்டன. எந்தக் கடையிலிருந்து, யாருக்கு?

நான் லேப்டாப்பைத் திறந்தேன். அந்த சிரப் மூன்று கடைகளிலும் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு விற்றிருக்கிறது. எது 4417, எது வேறு பேட்ச் என்று அட்டவணைக்குத் தெரியாது.

“அட்டை இருந்தா ஒரு நிமிசத்துல சொல்லிருவேன்” என்றார் அத்தை.

“அட்டையில எண்ணிக்கை மட்டும்தான அத்தை எழுதுவீங்க?”

அவர் ஒரு மாத்திரைப் பெட்டியை எடுத்தார். மடிப்பைக் கிழித்தார். வெள்ளைப் பக்கத்தை எனக்குக் காட்டினார். பிறகு திருப்பினார். மறுபக்கத்தில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சாகியிருந்தன.

“இதுக்குத்தான் அந்தந்தப் பெட்டியிலயே கிழிக்கது. எழுதுனா தப்பா எழுதிருவோம்னு. வேற எதுக்குன்னு நெனச்ச?”

காகிதம் மிச்சம் பிடிக்கத்தான் என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 17, சாயங்காலம்

பழைய பேப்பர் கடைக்கு சைக்கிளில் போனேன். ஊருக்கு வெளியே, ரயில்வே கேட்டைத் தாண்டி. கடைக்காரர் நல்ல மாதிரி. “ஒரு மாசமாச்சே பாப்பா. அட்டையெல்லாம் சனிக்கெழமைக்கு சனிக்கெழமை மில்லுக்குப் போயிரும்ல. என்ன, நோட்டு ஏதும் போட்டுட்டியா?” என்றார். ஆனாலும் உள்ளே போய்ப் பார்க்க விட்டார். மலை மாதிரி அட்டை. ஒரு மணி நேரம் கிளறினேன். எங்கள் அட்டை ஒன்றுகூட இல்லை. கை முழுக்க ஸ்டேப்ளர் கம்பி கீறல்.

செப்டம்பர் 18, புதன்

வேதியியல் தேர்வுக்குப் படிக்க இன்று விடுமுறை. கரிம வேதியியல் முடித்துவிட்டேன்.

மருந்து ஆய்வாளர் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. அப்பா காலையில் என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். இருப்பு அட்டவணையில் பேட்சுக்கு ஒரு கட்டம் சேர்க்க முடியுமா என்று கேட்டார். சேர்த்தேன். பதினொரு நிமிடம்தான் ஆயிற்று. அச்சு எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து மீதிப் பாடத்தைப் படித்தேன்.

மத்தியானம் சாம்பார் வைத்தேன். அப்பா சாப்பிடவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

வேதியியல் நன்றாக எழுதினேன். ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்றில் மட்டும் சந்தேகம்.

தேர்வு முடிந்து கடைக்குப் போனபோது அத்தையும் அப்பாவும் நின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். கல்லாவுக்கு இந்தப் பக்கம் ஆள் நின்றதால் மெதுவான குரலில்.

“இன்னைக்குச் சந்தை அண்ணே. ஒரு ஆட்டோல மைக்கக் கட்டி ரெண்டு சுத்து விட்டாப் போதும். சாயங்காலம் எல்லாரும் ஊரப் பாத்துப் போயிருவாங்க.”

“பியூலா மருந்தகத்துல வெசம் வித்தோம்னு நாமளே மைக் போட்டுச் சொல்லவா?”

“பிள்ளைக குடிக்கிற மருந்துண்ணே.”

“சந்தைக் கடைக்கு அந்த பேட்சே போகலட்டி. இன்ஸ்பெக்டர்ட்ட பேப்பர் குடுத்தாச்சு. அவரே சந்தைக்குப் போக வேண்டாம்னுட்டாரு. நம்ம ரெண்டு கடையில வாங்குனவங்களுக்குப் போன் போட்டாப் போதும்.”

“ஆகஸ்டுல நீங்கதான பைக்ல பெட்டி வச்சு சந்தைக்குக் கொண்டு போனீங்க?”

“அது வேற பேட்ச்.”

அத்தை என் பக்கம் திரும்பினார். “போகலையா பியூலா?”

“கம்ப்யூட்டர்ல அப்படித்தான் அத்தை இருக்கு” என்றேன்.

நாளைக்கு இயற்பியல்.

செப்டம்பர் 22, ஞாயிறு

அத்தை தன் கடையில் குழந்தை மருந்து வாங்குகிறவர்களின் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வைப்பார். அப்பாவுக்குத் தெரிந்த வாடிக்கைக்காரர்கள் கொஞ்சம் பேர். நூற்றுக்கும் மேல் போன் செய்துவிட்டோம். இன்று வரை பத்தொன்பது பாட்டில்கள் திரும்பி வந்திருக்கின்றன. சிலர் கீழே ஊற்றிவிட்டோம் என்று சொன்னது ஏழு. மீதி பதினொன்று.

ஆராதனையில் ஜெபக் குறிப்பு ஏதாவது உண்டா என்று போதகர் கேட்டார். அப்பா என் பரீட்சைக்காக ஜெபிக்கச் சொன்னார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நேற்றோடு தேர்வுகள் முடிந்தன. விடுமுறை. வீட்டை ஒட்டடை அடித்தேன். துணி துவைத்தேன். அம்மா வீடியோவில், “என்னளா முகமே சரியில்ல?” என்றார். தூக்கம் வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பதினொன்று என்பது பதினொன்றாகவே இருக்கிறது.

செப்டம்பர் 26, வியாழன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும். நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் அத்தை கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கையில் 4417 பாட்டில் ஒன்று. “நான் சந்தைக்குப் போறேன். நீ வாறியா?” என்றார். அப்பாவிடம் சொல்ல வேண்டாமா என்று நான் கேட்கவில்லை.

சந்தையில் ஒரு வரிசைக்கு நான், ஒரு வரிசைக்கு அத்தை. பாட்டிலைக் காட்டி, இந்த மருந்து வீட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனோம். என்னிடம் பாட்டிலின் படம் போனில் இருந்தது. வெங்காயக்காரர் ஒருவர், “வித்த மருந்தத் திரும்ப வாங்குத மொத மெடிக்கல் இதாம்” என்று கேலி செய்தார். ஒரு பாட்டி மருந்து தருகிறோம் என்று நினைத்துக் கை நீட்டினார்.

அரச மரத்துக்குப் பக்கத்தில் கத்தரிக்காய் போட்டு உட்கார்ந்திருந்த அக்கா படத்தைப் பார்த்ததும், “இந்தா, எங்கிட்ட இருக்கே” என்று கூடைக்கு அடியிலிருந்து மஞ்சள் பையை எடுத்தார். பாட்டிலில் கால் பங்குதான் மீதி. நான் எண்ணைப் பார்த்தேன். ஓடிப்போய் அத்தையைக் கூட்டி வந்தேன்.

அந்த அக்கா பெயர் பேச்சியம்மா. கீழக்குளத்திலிருந்து வருகிறார்.

“எப்பம்மா வாங்குனீங்க?” அத்தை கேட்டார்.

“ஆவணிக் கடைசிச் சந்தைக்கு. இந்தா, இந்த மெடிக்கல்லதான். அன்னைக்கு லேசான காச்சலு, ஒரு வேளையில நின்னுட்டு. மிச்சத்த வச்சிருந்தேன். திங்கக்கெழம திரும்பக் காஞ்சுது, அதயே குடுத்தேன்.”

“பிள்ளை எங்க?”

பின்னால், சாக்கு விரித்த நிழலில் ஒரு சிறுமி படுத்திருந்தாள். நான்கு வயது இருக்கும். காலில் ஒரு கொலுசு மட்டும்.

“காச்சல் விட்டுட்டுக்கா. நல்லாத் தூங்குதா. தொந்தரவே இல்ல. நேத்துலேருந்து ஒண்ணுக்குக் கூட எந்திரிக்கல.”

அத்தை குனிந்து குழந்தையின் இமையை விரலால் தொட்டார். முகம் உப்பியிருந்தது. காலை அழுத்தினார், அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

“போன வியாழக்கெழமை சந்தைக்கு வந்தீங்களா?” என்று அத்தை கேட்டார். ஏன் அப்போது அதைக் கேட்டார் என்று தெரியவில்லை.

“வந்தேனே. இதே எடந்தான். ஏன்க்கா?”

அத்தை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவை நோக்கி ஓடினார். பேச்சியம்மா அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடும்போதே திரும்பி என்னைப் பார்த்து, “பாப்பா, காயப் பாத்துக்கோ” என்றார்.

நான் கத்தரிக்காய்க்கு முன்னால் உட்கார்ந்தேன். ஆட்கள் வந்து விலை கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். “விலை தெரியாமலா கடை போட்ருக்க?” என்று ஒருவர் சிரித்தார். மாடு ஒன்று வந்தது, விரட்டினேன். சாயங்காலம் சந்தை கலைகிறவரை உட்கார்ந்திருந்தேன். சந்தைக்குள் ஓர் ஆட்டோ மைக் கட்டிச் சுற்றியது. ஆஸ்பத்திரியிலிருந்தே அத்தை போன் செய்து ஏற்பாடு செய்திருக்கிறார். எங்கள் கடைப் பெயரை, என் பெயரை, அந்த மைக் திரும்பத் திரும்பச் சொன்னது. பேச்சியம்மா அக்காவின் பாட்டிலைத் தவிர இன்று ஐந்து பாட்டில்கள் வந்தன. ஐந்தும் சந்தைக் கடையில் வாங்கியவை.

குழந்தையை இங்கிருந்து திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். பெயர் நந்திகா.

செப்டம்பர் 27, வெள்ளி

டயாலிஸிஸ் செய்கிறார்களாம். கீழக்குளத்திலும் பக்கத்து ஊர்களிலும் ஆட்டோ போகிறது. இன்னும் மூன்று பாட்டில்கள் வந்தன. மீதி இரண்டு. கத்தரிக்காயைக் கீழக்குளத்துக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன்.

அப்பா கடை திறக்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

நந்திகா காலையில் இறந்துவிட்டாள். நாங்கள் ஆராதனைக்குப் போகவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

அத்தையின் கடைக்கு ஆய்வாளர் இரண்டு முறை வந்துபோனார். அந்தக் கடை, பஸ் ஸ்டாண்ட் கடை இரண்டின் உரிமத்திலும் மருந்தாளுநர் என்று அத்தையின் பெயர் இருக்கிறது. சந்தைக் கடையில் பெயர் இருக்கிறவர் எந்த ஊர் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. அதனால் எல்லாக் கேள்வியும் அத்தைக்கு வருகிறது. அனுப்பிய மருந்துக்குப் பதிவு ஏன் இல்லை, பேட்ச் விவரத்தை யார் கொடுத்தது. அத்தை, “பதிவு எம் பொறுப்புதான் சார்” என்று சொல்லியிருக்கிறார். உரிமத்தை ரத்து செய்வார்கள், அதற்கு மேலும் ஏதாவது வரலாம் என்று மாரியப்பன் அண்ணன் சொன்னார். அவர் அழுதார். நந்திகாவுக்குப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தது அவர்தானே.

அத்தை வீட்டுக்குப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, பேட்சுக்குக் கட்டம் போட முடியாதுன்னு சொன்னேன்லா. முடியும். எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“தெரியும்ளா.”

“18-ஆம் தேதி அதுல சந்தைக்கு சைபர்னு போட்டது நான்தான்.”

முறம் நின்றது.

“எங்கிட்ட சொல்லி என்ன செய்ய?” என்றார். கோபம் இல்லாத குரல். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. “கேக்கவேண்டியவுக வேற ஆளு. அவுகளுக்கு எழுதிக் குடு.”

அக்டோபர் 3, வியாழன்

எழுதினேன். இரண்டு பக்கம். நான்கு தடவை கிழித்து எழுதிய பிறகு வந்த இரண்டு பக்கம்.

இருப்பு அட்டவணையை வடிவமைத்தது நான். பேட்ச் எண்ணை விட்டது நான். அத்தை இரண்டு முறை கேட்டும் சேர்க்காதது நான். அட்டைகளைப் பேப்பர்காரரிடம் போட்டது நான். செப்டம்பர் 18 காலையில் அப்பா சொன்னதன் பேரில் புதிய கட்டம் சேர்த்து, அறுபது பாட்டில்களில் சந்தைக் கடைக்குச் சென்றவை பூஜ்யம் என்று நிரப்பி அச்சு எடுத்ததும் நான். அந்த எண்ணுக்கு எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. அதன் பிறகு ஒரு வாக்கியம் எழுதினேன்: “மருந்து சந்தைக் கடைக்குச் சென்றது அப்போது என் தந்தைக்குத் தெரியாது.”

மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தனியாகத்தான் போனேன், பஸ்ஸில். அவர் நிதானமாக வாசித்தார். கையெழுத்துப் போட்டேன்.

“வயசு என்னம்மா?”

“பதினேழு சார்.”

அவர் பேனாவை மூடினார். “அப்ப உன் கையெழுத்து மட்டும் போதாதே. கார்டியன் போடணும். அப்பா நம்பர் சொல்லு.”

எனக்கு இது தோன்றவே இல்லை. நம்பர் சொன்னேன்.

அப்பா வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெஞ்சில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே இருந்த டைப்பிஸ்ட் மேடம் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடிக்கவில்லை.

அப்பா சவரம் செய்திருக்கவில்லை. சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். என்னைப் பார்க்காமல் ஆய்வாளருக்கு வணக்கம் சொன்னார். அவர் என் இரண்டு பக்கத்தை நீட்டினார். “ஒங்க மக எழுதிக் குடுத்தது. முழுசா வாசிச்சிட்டுப் போடுங்க. போடலன்னாலும் அது உங்க இஷ்டம்.”

அப்பா நின்றுகொண்டே வாசித்தார். முதல் பக்கத்தை வாசித்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் விரல் நின்றது. அந்த இடம் எது என்று எனக்குத் தெரியும்.

“இது தப்பா இருக்கு சார்” என்றார்.

“எது?”

“ஆகஸ்ட் எட்டாந்தேதி பைக்ல கொண்டு போயிக் குடுத்தது நான்தான். அந்தப் பெட்டிதான். பத்து பாட்டில்.”

அப்பா என்னிடம் கை நீட்டினார். “பேனா குடும்மா.”

கொடுத்தேன். மேசையின் ஓரத்தில் தாளை வைத்து, ‘தெரியாது’ என்ற சொல்லை ஒரே கோடாக அடித்தார். அதன் மேல் ‘தெரியும்’ என்று எழுதினார். அப்பாவின் கையெழுத்து எப்போதும் சாய்ந்திருக்கும். இன்று நேராக, பள்ளிப் பிள்ளைகள் எழுதுவது மாதிரி இருந்தது. கீழே, என் பெயருக்கு அடியில், கையெழுத்துப் போட்டார்.

ஆய்வாளர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்ப நீட்டினார்.

“அடிச்ச எடத்துல ஒரு சின்னக் கையெழுத்துப் போடுங்க. ரெண்டு பேரும்.”

போட்டோம்.